வண்டியின் மேல் போட்ட பழி

சேது, இதை நீ மெதுவாகத்தான் படிப்பாய். தமிழை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாய். தாபோடி கவர்மென்ட் குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு உன்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனதற்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான். இங்கிலீஷில் எழுதியிருந்தால் ஆபீஸ் மெயில் மாதிரி ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு 'ஓகே மா' என்று பதில் போட்டிருப்பாய். இதை நீ அப்படி ஓட்டிவிடக் கூடாது, அதனால்தான் தமிழ். ஒரு பிரதி முதலில் உன் கையில் கொடுக்கிறேன். நீ படித்த பிறகு, உன் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, இன்னொன்றை நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் கொடுக்கப் போகிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்கு ஏன் சொல்கிறாள் என்று உனக்குக் கோபம் வரும். ஊர் முன்னால்தானே பொய் சொன்னேன்? அப்போது வெட்கப்படாதவள் இப்போது வெட்கப்பட்டு என்ன ஆகப் போகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் போசரி ரோட்டில் உன் அப்பாவின் இடது முழங்கை நொறுங்கியதே, அதற்குக் காரணம் வண்டி இல்லை. நீயும் உன் ஆபீஸ் பிள்ளைகளும் ராப்பகலாக உட்கார்ந்து எழுதின சாஃப்ட்வேரும் இல்லை. நான்தான். இந்த நாலு வார்த்தையைச் சொல்ல எனக்கு இத்தனை மாசம் ஆகியிருக்கிறது.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது, பழைய டீமிலிருந்து மறுபடியும் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னாய். ஹிஞ்சவாடியில் அதே ஆபீஸ், அதே வேலை. கார் கேமரா ரோட்டுக் கோட்டைப் பார்த்து, வண்டி விலகினால் ஓட்டுகிறவரை எச்சரிக்கும், அந்த வேலை. மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "சொல்லப் போறது வேண்டாம்னுதான் மா. அப்பா கை ஒண்ணு போதும்" என்றாய், அப்பளத்தை உடைத்துக்கொண்டே, சாதாரணமாக. உன் அப்பா தட்டை விட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அவருக்குக் கை வலிக்கிறது என்று நீ நினைத்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். ரிட்டயர் ஆனதும் எலெக்ட்ரிக் கார் வாங்குவேன் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். உன் அப்பாவுக்கு ஸ்கூட்டரே போதும். எனக்கு அப்படி இல்லை. நாற்பத்தைந்து வயதில், ஆபீஸில் எல்லோரும் சிரிக்கச் சிரிக்க, டிரைவிங் கற்றுக்கொண்டவள் நான். கிளட்ச்சை விடத் தெரியாமல் நாசிக் ஃபாட்டா ஜங்ஷனில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் நின்ற பஸ்காரன் மராத்தியில் திட்டினதற்கு அதே மராத்தியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள். வண்டி ஓட்டும்போதுதான் யாருடைய மனைவியாகவும், யாருடைய அம்மாவாகவும், எந்த ஆபீஸருடைய கிளார்க்காகவும் இல்லாமல் இருந்தேன். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் மற்றதும் உனக்குப் புரிந்திருக்கும்.

ஷோரூமில் ஒரு பையன். உன்னைவிடப் பத்து வயது சின்னவன் இருப்பான். இந்த மாடலுக்குத் தானாக ஓட்டுகிற வசதி வரும், கேமரா, ரேடார் எல்லாம் இப்போதே உள்ளே இருக்கிறது, அதைத் திறந்துவிட வேண்டியதுதான் பாக்கி என்றான். "நெக்ஸ்ட் இயர் பக்கா, ஆன்ட்டி" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னான். நான் வீட்டுக்கு வந்து உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "மா, வரும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. எப்போன்னு செய்யறவங்களுக்கே தெரியாது. இப்போ என்ன இருக்கோ அதுக்கு மட்டும் வாங்கு" என்றாய். அந்தத் தொழிலிலேயே இருக்கிற பிள்ளை சொல்வதை விட்டுவிட்டு, விற்கிறவன் சொல்வதை நம்பினேன். ஏன் என்று இப்போது யோசிக்கிறேன். என் சர்வீஸ் முழுக்க நான் கண்டது அதுதானே? மேலே சாங்ஷன் ஆகிவிட்டது என்றால் அது வரும். லேட்டாக வரும், ஆனால் வரும். குவார்ட்டர்ஸுக்கு ஏழு வருஷம் காத்திருந்தோம், வந்தது. உன் அப்பாவின் பிரமோஷன் ஆர்டர் அவர் ரிட்டயர் ஆவதற்கு நாலு மாசம் முன்னால் வந்தது. வந்ததா இல்லையா? ஒரு கார் கம்பெனி விளம்பரத்தில் சொல்வதையும் நான் கவர்மென்ட் ஆர்டர் மாதிரியே எடுத்துக்கொண்டேன். என்னைப் போலக் கவர்மென்ட் சீட்டில் உட்கார்ந்தே வயதானவர்களுக்குத்தான் இந்தப் பைத்தியக்காரத்தனம் வரும்.

வண்டியின் திரையில் அந்த வசதிக்கு ஒரு பொத்தான் இருந்தது, சாம்பல் நிறத்தில். தொட்டால் 'விரைவில்' என்று இங்கிலீஷில் எழுத்து வரும். தினமும் ஒரு தரம் தொட்டுப் பார்ப்பேன். அப்டேட் வந்திருக்கிறது என்று மொபைல் சத்தம் போட்டால் அடுப்பை அணைத்துவிட்டு பார்க்கிங்குக்கு ஓடுவேன். ஒரு தரம் திரையின் நிறம் மாறியிருந்தது. ஒரு தரம் சார்ஜ் போடும்போது புதுச் சத்தம். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கிற படம் ஒன்று வந்தது, சனியன். பொத்தான் மட்டும் சாம்பலாகவே இருந்தது. உன் அப்பா என்னைக் கேலி செய்வார், பி.எஃப். பேப்பருக்குக்கூட நீ இப்படி ஓடினதில்லையே என்று. அவருக்கு நான் ஏன் ஓடுகிறேன் என்று தெரியாது.

ஏன் ஓடினேன் என்றால், வண்டி வாங்கின ஆறாவது மாசம் கண்ணாடி மாற்றலாம் என்று போன இடத்தில் டாக்டர் ஒரு கருப்புப் பெட்டிக்குள் என் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் ஒரு பட்டனை அழுத்தச் சொன்னார். நான் எல்லாவற்றையும் அழுத்தினதாகத்தான் நினைத்தேன். பாதிக்கு மேல் விட்டிருக்கிறேன். க்ளாக்கோமா என்றார். கண்ணுக்குள் பிரஷர் ஏறி, பக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருக்கிறதாம். எதிரே இருப்பது நன்றாகத் தெரியும், பேப்பர் படிக்கலாம், ஊசியில் நூல் கோர்க்கலாம், அதனால் ஆளுக்கே தெரியாது. போனது போனதுதான், சொட்டு மருந்து விட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். வண்டி ஓட்டுகிறீர்களா என்று கேட்டார். ஓட்டுகிறேன் என்றேன். நிறுத்திவிடுங்கள் என்றார். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்!

நான் நிறுத்தவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொட்டு மருந்தைக் கண் எரிச்சலுக்கு என்று உன் அப்பாவிடம் சொன்னேன், அந்த மனுஷர் அதையும் நம்பினார். மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். பார்வை போவது மெதுவாகத்தானே போகும், இன்னும் இரண்டு வருஷம் சமாளிக்கலாம். அதற்குள் அந்தப் பொத்தான் பச்சையாகிவிடும். அப்புறம் வண்டியே பார்த்து ஓட்டும், நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், என் கண் எக்கேடு கெட்டால் என்ன. நடுவில் லைசென்ஸ் புதுப்பிக்கிற தேதி வந்தது. டாக்டர் சர்ட்டிஃபிகேட் வேண்டும் என்றார்கள். அலைய வேண்டாம் ஆன்ட்டி, கையெழுத்து நான் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் சொன்னான். ஒரு இனிஷியல் விட்டுப்போனாலே ஃபைலைத் திருப்பி அனுப்புகிறவள் நான். எத்தனை பேர் என்னைச் சபித்திருப்பார்கள் அதற்காக! அப்பேர்ப்பட்டவள் அந்தத் தாளை வாங்கிப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டேன்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அதை நீ உட்கார்ந்து படி. தானாக ஓட்டும் வசதிதான் வரவில்லையே தவிர, உன் டீம் எழுதினது அந்த வண்டியில் முதல் நாளிலிருந்தே இருந்தது. கோட்டை விட்டு விலகினால் 'பீப்' என்று கத்தும், ஸ்டீயரிங் கொஞ்சம் அதிரும், முன்னால் ஏதாவது குறுக்கே இருந்தால் பிரேக் பிடிக்கும். வாங்கின புதிதில் அது எப்போதாவதுதான் கத்தும். போகப் போக அதிகமாகக் கத்த ஆரம்பித்தது. இடது பக்கமே கத்தியது. எனக்குத் தெரியும் அது ஏன் கத்துகிறது என்று. இடது பக்கம்தான் எனக்கு அதிகமாகப் போயிருந்தது, தெரியாத பக்கமே நான் சாய்ந்து சாய்ந்து ஓட்டினேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன இது, இன்னைக்கு இவ்ளோ கத்துது?" என்று கேட்பார். நம்ம ஊர் ரோட்டுக்கு இதெல்லாம் சரிப்படாது என்பேன். அப்புறம் அதை அணைக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு தரம் அணைத்தால் போதாது, வண்டியை நிறுத்திக் கிளப்பினால் தானாக மறுபடி ஆன் ஆகிவிடும். அதனால் தினமும் வண்டியில் ஏறினதும் முதல் வேலை, திரையில் மூன்று இடம் தொட்டு எல்லாவற்றையும் அணைப்பது. பிறகுதான் சீட் பெல்ட். நீ ஒரு நாள் ஆசையாகக் கேட்டாயே, நம்ம பீப் எப்படி மா வேலை செய்யுது என்று? ரொம்ப நல்லா இருக்குடா என்றேன். உன் முகம் எவ்வளவு மலர்ந்தது! உன் வேலை ஒவ்வொரு நாளும் எனக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது, நான் அதன் வாயை அடைத்துக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கு உன் அப்பாவோடு வேலை பார்த்தவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போசரி போய்விட்டுத் திரும்பினோம். சாயங்காலம் ஆறரை இருக்கும். மழை பலமாக இல்லை, தூறல்தான். ஃபேக்டரி ஷிஃப்ட் விட்டு ஆட்கள் சைக்கிளிலும் பைக்கிலும் போய்க்கொண்டிருந்தார்கள். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். இடது ஓரத்தில் ஒரு டெம்போ நின்றிருந்தது, காலியாக, ஆள் இல்லாமல், பார்க்கிங் லைட் எரிந்துகொண்டு. எனக்கு அது இல்லவே இல்லை. உன் அப்பா "ஏய், ஏய்" என்று என் கையைப் பிடித்தார், அதற்குள் அவர் பக்கத்துக் கதவு உள்ளே வந்துவிட்டது. ரோட்டில் போன ஆட்களில் ஒருவர் அந்த டெம்போவுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்கிறேன். தினமும் யோசிக்கிறேன். அந்த நேரத்தில் நான் யோசித்தது அதுவல்ல. ஐயோ, கண் விஷயம் தெரிந்துவிடுமே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. உன் அப்பா வலியில் கத்திக்கொண்டிருக்கும்போது.

ஆஸ்பத்திரிக்கு நீ ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினபடியே ஓடி வந்தாய். அப்பாவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். நீ என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகு, ரொம்பத் தயங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "மா, சிஸ்டம் ஆன்ல இருந்துதா?"

"ஆன்லதான்டா இருந்துது. அது பார்க்கலை" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை, ஆனால் யோசிக்க ஒரு நிமிஷம் கொடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். நீ அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய். அப்புறம் வண்டியின் ரெக்கார்டைக் கம்பெனியில் கேட்டு வாங்குகிறேன், எங்கே தப்பு நடந்தது என்று பார்த்தே ஆக வேண்டும் என்று எழுந்தாய். அதில் எல்லாம் இருக்குமே, நான் அணைத்தது, எத்தனை மணிக்கு அணைத்தேன் என்பதுகூட. கேட்காதே, உன் வேலைக்கு ஆபத்து வரும், அம்மா மேல சத்தியம் பண்ணு என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உன்னைக் காப்பாற்றத்தான் அழுகிறேன் என்று நீ நினைத்தாய். சத்தியம் பண்ணினாய். இரண்டு மாசம் கழித்து வேலையை விட்டுவிட்டு, யாருக்கோ பில் போடுகிற சாஃப்ட்வேர் எழுதப் போனாய். நம் பார்க்கிங்கில் நின்று, "நான் எழுதின கோட் அப்பாவைப் பார்க்கலைன்னா அப்புறம் யாரைப் பார்க்கும் மா?" என்று கேட்டாய். அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் என்ன இருந்தது தெரியுமா? நிம்மதி. இனிமேல் இவன் இதைத் தோண்ட மாட்டான் என்கிற நிம்மதி. பெற்ற தாய்க்கு இப்படியும் மனசு இருக்குமா என்றால், இருந்தது.

அதோடு விட்டேனா? பார்க்கிறவர்களிடமெல்லாம் மெஷினை நம்பாதீர்கள் என்று உபதேசம். குடியிருப்புச் சொசைட்டி மீட்டிங்கில் சொன்னேன். பொங்கல் விழாவில், சங்கத்து மேடைக்குக் கீழே, பத்துப் பேர் சுற்றி நிற்கச் சொன்னேன். உங்கள் பையன் செய்கிற சாமான்தானே அது என்று யாரோ கேட்டார்கள். நீ பொங்கல் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாய். நான் பார்த்தேன். எதிரே இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொன்னேனே.

உன் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே சொட்டு மருந்துச் சீட்டைப் பார்த்துக் கேட்டார், நான் மறைக்கவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். "உன் பேரை நான் கெடுக்க மாட்டேன். ஆனா அவன்கிட்ட நீயேதான் சொல்லணும்" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்டதில்லை. பக்கத்து வீட்டு மிக்ஸியை முட்டிக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் ரிப்பேர் பார்க்கிறார், நான் அந்தப் பக்கம் போனால் பேச்சை மாற்றிவிடுவார். போன ஞாயிறு நீ கிளம்பிப் போன பிறகு பால்கனியிலிருந்து வந்தார். உன் தட்டை எடுத்துக் கழுவினார். அந்தக் கையோடு. அன்றைக்கு எழுத உட்கார்ந்தவள்தான், இதோடு ஐந்தாவது தாள்.

அந்த வேலைக்குப் போ என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போகாமலும் இரு, உனக்குப் பிடித்தால். ஆனால் நீ சொல்கிற பதில் என் பொய்யை வைத்துச் சொல்கிற பதிலாக இருக்கக் கூடாது. என் வார்த்தையை இனிமேல் சும்மா நம்பாதே. அந்தச் சத்தியத்திலிருந்து உன்னை விடுவிக்கிறேன், வண்டி என் பெயரில் இருப்பதால் ரெக்கார்டைக் கேட்கச் சம்மதக் கடிதம் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உன் கண்ணாலேயே பார்த்துக்கொள். உனக்குப் பெரிதாக அறிவுரை சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஒன்றே ஒன்று. வரப்போகிறதைக் காட்டி இன்றைக்கு இருக்கிறதைத் தள்ளிப் போடாதே. நான் சாம்பல் பொத்தானைத் தடவிக்கொண்டு, வேலை செய்துகொண்டிருந்ததை அணைத்தேன்.

இத்தோடு முடித்திருக்கலாம். முடித்துவிட்டு எழுந்தும் போனேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன், அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாவம். அன்றைக்கு அந்தக் கருப்புப் பெட்டிச் சோதனை முடிந்ததும் டாக்டர், பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். ஒரு பையன் என்றேன். இது பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வரலாம், வலி இருக்காது, தெரியவே தெரியாது, அவனை உடனே கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள், முன்னாலேயே பிடித்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்றார். ஒரு தரம் இல்லை, போகும்போதெல்லாம் கேட்கிறார். பையனைக் காட்டினீர்களா? காட்டினேன் டாக்டர், அவனுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வருகிறேன். உன்னைக் காட்டச் சொன்னால் ஏன் என்று கேட்பாயே. ஏன் என்று சொன்னால் முதலில் வண்டி கையை விட்டுப் போய்விடுமே, அப்புறம் போசரி ரோடு வெளியே வந்துவிடுமே. என் பொய் ஒன்று நிற்பதற்காக உன் கண்ணை நாலு வருஷமாகப் பணயம் வைத்திருக்கிறேன், சேது.

உனக்கு முப்பத்தாறு வயது. போன வாரம் நீ தண்ணீர் டம்ளரை எடுக்கப் போய், இடது பக்கம் இருந்த ஊறுகாய் பாட்டிலைத் தட்டிவிட்டாய். கைத்தவறல்தான் என்று நீ சிரித்தாய். கைத்தவறலாகத்தான் இருக்க வேண்டும். சனிக்கிழமை பதினோரு மணிக்கு அந்த டாக்டரிடம் உன் பெயரில் நேரம் வாங்கியிருக்கிறேன், முகவரி கவரின் பின்னால் இருக்கிறது. நான் அங்கே வரமாட்டேன். என்னோடு நீ பேசவும் வேண்டாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாதே. போய்க் கண்ணைக் காட்டு. டாக்டர் என்ன சொன்னார் என்பதை மட்டும் உன் அப்பாவிடம் சொல்லிவிடு. அவர் என்னிடம் பொய் சொல்ல மாட்டார்.

அம்மா